லேப்டாப்புக்கு ஏறின ஆக்டிங் டிரைவர்

எங்க சங்ககிரியில பாதிப்பேரு லாரி ஓட்டறவங்க, மீதிப்பேரு லாரி எப்ப வரும்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கறவங்க, இந்த ரெண்டுலயும் சேராதவ நான் ஒருத்திதான், ஏன்னா நான் லாரிக்கு சீட்டு தைக்கிறவ. சீட்டுக்கடை பாப்பாத்தின்னு கேட்டா பைபாஸ் வரைக்கும் வழி சொல்லுவாங்க, சீட்டுக் கம்பெனின்னு நெனச்சுப் பணம் கட்ட வந்துராதீங்க. நான் தைக்கிற சீட்டுல எத்தனையோ பேரு உக்காந்து தேச்சிருக்கறாங்க, ஆனா பக்கத்து வூட்டு லாரி டிரைவர் கொளந்தவேலு அண்ணனாட்ட ஓயாத மனுசனை நான் பாத்ததில்ல.

அப்படிப்பட்டவரை, வண்டி புதுசாப் பாடி கட்டப் பட்டறைக்குப் போயிருக்குதுன்னு சொல்லி வூட்டுல போட்டா என்ன ஆகும்? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? காத்தால எந்திரிச்சு வாசலுக்கும் கேட்டுக்கும் நடப்பாரு, கேட்டைத் தொறப்பாரு, மூடுவாரு, எதிர்த்த வூட்டுக்காரன் பைக்குல காத்து இருக்குதான்னு டயரை அமுத்திப் பாப்பாரு, கட்டில் குலுங்கலைன்னு தூக்கம் புடிக்காம தரையில படுப்பாரு, தரையும் குலுங்கலைன்னு எந்திரிச்சு மறுக்காவும் கேட்டுக்குப் போவாரு. அவரு சம்சாரம் துளசிமணி எங்கிட்ட வந்து, "ஏன் பாப்பாத்தி, காலமெல்லாம் இந்த மனுசன் வூட்டுல இருக்கோணும்னு நான்தான் சாமி கும்பிட்டேன், இப்ப எப்படா போவாருன்னு இருக்குது"ன்னு சொல்லிச் சிரிச்சா, சிரிச்சுப்போட்டு முந்தானையில மூக்கைத் தொடச்சுக்கிட்டா.

அண்ணனை உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருந்தது வேற. ஒரே மக மௌனிகா. போன வருசம் அவளுக்குக் கல்யாணம். "ஒரே ஒரு லோடு, எறக்கிப்போட்டு ஓடி வந்தர்றேன்"னு நாக்பூர்ப் பக்கம் போனவரு, மழையில பாலம் அத்துக்கிட்டுப் போயி, நடுரோட்டுல வண்டியோட நின்னுட்டாரு. பொண்ணோட கையைப் புடிச்சு, தண்ணி ஊத்தி, மாப்பிள்ளை கையில குடுக்கறது இருக்குதே, தாரை வார்க்கறதுன்னு, அது அப்பன் செய்ய வேண்டிய காரியம், அதை இங்க பெரியப்பன் செஞ்சாரு. கல்யாணம் முடிஞ்சு, மறுவூடு முடிஞ்சு, பந்தலையும் பிரிச்சப்புறம்தான் இவரு வந்து சேந்தாரு. அன்னைக்கு அந்தப் புள்ள சொன்னா, "என்ர கல்யாணத்துக்கு வராத மனுசங்கூட எனக்குப் பேச்சில்ல." அவ்வளவுதான். பெருந்துறையில வாக்கப்பட்டவ, போன் போட்டா அம்மாகூட மணிக்கணக்காப் பேசுவா, அப்பன் "கண்ணு"ன்னு வாயைத் தொறந்தா போன் மாப்பிள்ளை கைக்குப் போயிரும். மௌனிகான்னு பேரு வச்சுப்போட்டு, புள்ள பேச மாட்டீங்கறான்னு அழுதா யாரைக் குத்தம் சொல்றது? இப்ப அவ மாசமா இருந்தா, வெள்ளிக்கிழமை பெருந்துறையிலயே வளைகாப்புன்னு நாள் குறிச்சாச்சு. இதுக்கும் அப்பன் போயி நிக்கலைன்னா அறுந்த பேச்சு அறுந்ததுதான்னு எங்க வீதியில எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மக மூஞ்சியில போயி முழிக்கறதுக்கு முந்தி, தான் விட்ட கல்யாணத்தை ஒருக்கா பாத்துப்போடோணும்னு அண்ணனுக்குத் தோணுச்சு. கல்யாணப் படம் மௌனிகா காலேஜுல படிச்சப்ப வாங்கின லேப்டாப்புலதான் கெடந்துச்சு; செல்லுல ஏத்தலாம்னா எடம் பத்தல, டிவியோ இடி விழுந்து செத்துப்போச்சு. லேப்டாப்பைத் தொறந்து போட்டா, நாதஸ்வரம் கணீர்னு கேக்குது, படம் மட்டும் கெரகம் புடிச்சாப்ல ஆடுது. மாப்பிள்ளைக்குப் பச்சை மூஞ்சி. பொண்ணு நடந்து வர்றா, தலை முன்னால போகுது, இடுப்பு சாவகாசமாப் பின்னால வருது. பந்தியில உக்காந்த ஒரம்பரை மூஞ்சியெல்லாம் கட்டங்கட்டமா ஒடஞ்சு, யாரு சித்தப்பன் யாரு பெரியம்மான்னு தெரியல. அணைச்சுப் போட்டாங்க, துணியில தொடச்சாங்க, படம் ஓட்டற வேற சாமானை எறக்கி அதுலயும் ஓட்டிப் பாத்தாங்க, ஊதுபத்தி காட்டினாங்க. ஒண்ணும் கதைக்கு ஆகல. மகளோட மூஞ்சி தெரியாத கல்யாணத்தைப் பாத்து அண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

பேக்கரி மாடியில லேப்டாப் சர்வீஸ் கடை வச்சிருக்கற ஷமீமாவுக்கு துளசிமணி போன் போட்டா. ஷமீமா சேலத்துல அவிய அத்தை வூட்டு விசேசத்துல இருந்தா.

"லேப்டாப்பு அப்டேட் ஏதாச்சும் ஆச்சுங்களாக்கா?"

"நமக்கென்ன தெரியும் அம்மிணி. என்னமோ வட்டமாச் சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"அதுதானுங்க்கா. உள்ள இருந்து படம் காட்டறதுக்கு டிரைவர்னு ஒரு புரோக்ராம் இருக்குதுங்க, அது போயிருச்சு. பழசைக் கழட்டிப்போட்டு புது டிரைவர் போடோணும். புதன்கிழமை வந்து போட்டுத் தர்றேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒரு ஆக்டிங் டிரைவரை வச்சு ஓட்டிக்கங்க"ன்னு ஷமீமா கேலியாச் சொல்லிப்போட்டு போனை வச்சுட்டா.

வேற ஊராயிருந்தா சிரிச்சிருப்பாங்க. எங்க ஊர்ல ஆக்டிங் டிரைவர்னா சிரிக்கிற சமாச்சாரமில்ல. சொந்த டிரைவருக்குக் காய்ச்சல், இல்ல அவன் மாமியா செத்துப்போயிட்டா, வண்டியில லோடு நிக்குதுன்னா, கூப்புட்ட கொரலுக்கு வந்து ஏறி, அடுத்தவன் வண்டியைத் தன் வண்டியாட்ட ஓட்டிக் கொண்டுபோயிச் சேக்கறவன் அவன். வண்டியை நடுவழியில விட்டுப்போட்டுப் போன டிரைவரை ரெண்டு கெட்ட வார்த்தை வஞ்சுபோட்டு, அண்ணன் "நான் சும்மாதான இருக்கறேன், நானே ஏறறேன்"னாரு. லுங்கியை மடிச்சுக் கட்டினாரு, துண்டைத் தலையில சுத்தினாரு, செருப்பைக் கழட்டி மேசைக்கு அடியில விட்டாரு, லேப்டாப்பைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு வலதுபக்கமா ஏறி உள்ள போயி உக்காந்தாரு. துளசிமணி "ரெண்டு வாய் சாப்ட்டுப்போட்டுப் போங்க"ன்னு தட்டோட வர்றதுக்குள்ள, படம் ஒரு உறுமல் உறுமி, ஆட்டமில்லாம அலுங்காம ஓட ஆரம்பிச்சுருச்சு.

வீதியே கூடிருச்சு. எப்படிப் போனாருன்னு ஒருத்தரும் கேக்கல, எலுமிச்சம்பழம் வச்சீங்களான்னுதான் மொதல்ல கேட்டாங்க. வைக்கலைன்னதும் ஆளாளுக்குத் துளசிமணியை வஞ்சு, நாலு மூலைக்கும் நாலு பழம் வச்சு, சூடம் காட்டி, மூடி மேல குங்குமப் பொட்டு வச்சாங்க. கீழ கை வச்சா கொதிக்குதுன்னு டிங்கரிங் பட்டறைக்காரரு சொம்புல தண்ணி கொண்டாந்து ஊத்தறதுக்கு ஓட்டை தேடினாரு. "யோவ், இது ரேடியேட்டர் இல்லய்யா"ன்னு நான் கையைப் புடிச்சு இழுக்கலைன்னா அன்னைக்கே அண்ணன் முழுகியிருப்பாரு. அப்புறம் அடியில ரெண்டு செங்கல்லைக் குடுத்துத் தூக்கி வச்சோம், காத்து போச்சு, சூடு தணிஞ்சுது.

அண்ணன் ஓட்டற தினுசே தனி. மண்டபத்து வளைவு திரும்பறப்ப ஹாரன் அடிப்பாரு. வாழ்த்திப் பேசறேன்னு மைக்கைப் புடிச்சவங்களையெல்லாம் ஒரே அமுத்தா அமுத்தி ஓவர்டேக் எடுத்துருவாரு, கைதட்டல் மட்டும் காத்துல கேக்கும். போட்டோக்காரன் லைட்டு மூஞ்சியில அடிச்சா இவரும் ரெண்டுவாட்டி டிம் அடிப்பாரு. பந்தி வந்தா வேகத்தைக் கொறச்சு, எலை எலையாப் பாத்து, எவன் எலையில லட்டு விழலைங்கறதைக்கூட எங்களுக்குக் காட்டிப்போட்டுத்தான் நகருவாரு. வாயைத் தொறந்து பேசத்தான் வழியில்ல, எதைக் கேட்டாலும் ஹாரன்தான். ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. காத்துப் போற ஓட்டைகிட்ட துளசிமணி இட்லித் தட்டை வச்சா, சித்தெ நேரத்துல தட்டு காலி, அதே ஓட்டையில பீடிப் புகை வரும்.

ஊரு சும்மா இருக்குமா? காதுகுத்துப் படம், கிடாவெட்டுப் படம், புதுவூடு புகுந்த படம்னு ஆளாளுக்குப் பென்டிரைவைத் தூக்கிக்கிட்டு, "அண்ணன் ஒரு நடை ஓட்டிக் குடுத்தா தேவலை"ன்னு வந்து நின்னாங்க. ஹெவி லைசென்சு வச்சு லேப்டாப்பு ஓட்டலாமான்னு டீக்கடையில பெரிய பஞ்சாயத்து. லாரி ஓட்டத் தெரிஞ்சவன் எதையும் ஓட்டுவான்னு ஒரு கட்சி, சட்டம்னு ஒண்ணு இருக்குதுன்னு ஒரு கட்சி, பேச்சு முத்தி ரெண்டு கிளாஸ் ஒடஞ்சுது. லாரி சங்கத்துச் செயலாளர் வந்து, திரைக்கு முன்னால நின்னு, "ஓய்வெடுத்து ஓட்டுங்க, தூக்கக் கலக்கத்துல ஓட்டாதீங்க"ன்னு புத்தி சொல்லிப்போட்டுப் போனாரு. இப்படி ஒரு வார்த்தையைக் கொளந்தவேலுக்கு அதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லைன்னு துளசிமணிக்குப் பெருமை.

பெருமை ரெண்டு நாள்தான். படம் ஓடும், நலங்கு வரும், மாப்பிள்ளை அழைப்பு வரும், பந்தி வரும், முகூர்த்தம் வரும், தாரை வார்க்கற எடம் வரும், அங்க மனுசன் பிரேக்கை அமுத்துவாரு. பெரியப்பன் கையில சொம்பு, சொம்புல இருந்து எறங்கற தண்ணி, தண்ணிக்குக் கீழ மௌனிகா கை, அப்படியே நிக்கும். உள்ள இஞ்சின் மட்டும் உறுமிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரங்கழிச்சு அந்த எடத்தைத் தாண்டாமயே படம் தாவி மொதல்ல இருந்து கெளம்பும், மறுக்கா நலங்கு, மறுக்கா அழைப்பு, மறுக்கா பந்தி, மறுக்கா அதே எடத்துல பிரேக்கு. தாலி கட்டறதை நாங்க ஒருத்தரும் பாக்கல. பென்டிரைவுக்காரங்க சலிச்சுப்போயி கெளம்பிட்டாங்க. "போதும், எறங்கி வாங்க"ன்னு துளசிமணி கேட்டா ரெண்டு ஹாரன். "வெள்ளிக்கிழமை வளைகாப்புங்க"ன்னு சொன்னா ஹாரனே இல்ல.

"அவரு ஓட்டறதுக்குப் போகல பாப்பாத்தி"ன்னா துளசிமணி. "கல்யாணத்துக்குப் போயிருக்கறாரு. போன கல்யாணத்துக்குள்ள நின்னுக்கிட்டு வர்ற விசேசத்தையும் விடப்போறாரு. அந்தப் புள்ள இனி சென்மத்துக்கும் பேச மாட்டா." சொல்லிப்போட்டு ஓன்னு அழுதா. எனக்கும் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, ரோட்டுல நின்ன காலமெல்லாம் பத்தாதுன்னு வூட்டுக்குள்ளயும் ரோட்டைத் தேடிக்கிட்டுப் போற ஆம்பளையை என்ன செய்யறது?

புதன்கிழமை ஷமீமா வந்தா. வந்தவ லேப்டாப்பைப் பாத்தா, செங்கல்லைப் பாத்தா, எலுமிச்சம்பழத்தைப் பாத்தா, திரைக்கு உள்ள துண்டு கட்டின தலையைப் பாத்தா, தன்னோட நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "அக்கா, நான் வெளையாட்டுக்குச் சொன்னனுங்க்கா."

"நீ வெளையாட்டுக்குச் சொன்னே, அவரு வேலைக்குப் போயிட்டாரு. இப்ப எறக்கு."

ஷமீமா எதையெதையோ தொறந்து பாத்தா. "அன்இன்ஸ்டால் பண்ணிப்போட்டு புது டிரைவர் போடலாம். ஆனா பழைய டிரைவர் டெலீட் ஆயிருமுங்க."

"டெலீட்டா?" துளசிமணி லேப்டாப்பைப் புடுங்கி மாரோட அணைச்சுக்கிட்டா. "ஏம்மா, மூணு வேளை சோறு திங்கற மனுசனம்மா அவரு!"

"சரி சரி, அழுவாதீங்க. ரோல் பேக்னு ஒண்ணு இருக்குது. வந்த வழியே பின்னால போறது. அதை அமுத்தி உடறேன், மிச்சம் அவரு கையில."

அமுத்தினா. திரை ஒருக்கா மினுக்குச்சு, உள்ள கியர் விழுகற சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. ரிவர்ஸ் கியர்தான், சந்தேகமே இல்ல. ஆனா வண்டி நகரல. ஷமீமா மறுக்கா அமுத்தினா, மறுக்கா கியர் விழுந்துச்சு, நகரல. லேப்டாப்பு படிச்ச புள்ளைக்கு அது புரியல, எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பின்னால நின்னு கொரல் குடுக்க ஆளில்லாம மானமுள்ள எந்த டிரைவரும் ரிவர்ஸ் எடுக்க மாட்டான். பின்னால சுவரு இருக்குதா, சாக்கடை இருக்குதா, கொளந்தை நிக்குதான்னு உக்காந்திருக்கறவனுக்கு என்ன தெரியும்?

அப்புறம் என்ன, ஊரே கொரல் குடுத்துச்சு. லேப்டாப்பு மூடிக்குப் பின்னால போயி நின்னு, டிங்கரிங் பட்டறைக்காரரு "வரட்டும் வரட்டும்"னாரு, அசையல. சங்கத்துச் செயலாளர் வந்து மேடையில பேசறாப்ல "வரட்டும்"னாரு, ரெண்டு ஹாரன் அடிச்சாரு அண்ணன். நான் கூப்புட்டேன், சீட்டுத் தைக்கிறவ கொரலுக்கு என்ன மருவாதி, கண்டுக்கவே இல்ல. துளசிமணி கூப்புட்டா; அவ கொரலுக்குப் படம் ஒரு சாண் பின்னால வந்துச்சு, தண்ணி கொஞ்சம் சொம்புக்கு ஏறுச்சு, எங்களுக்கு உசுரே வந்துச்சு, ஆனா அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்து "வரட்டும்"ங்கறது "ஐயோ"ங்கறாப்ல கேக்க, மனுசன் பட்டுனு பிரேக்கை அமுத்திப்போட்டாரு. யாரு மேலயோ ஏத்திட்டோம்னு நெனச்சிருப்பாரு பாவம். அதுக்கப்புறம் அவ கொரலுக்கும் அசையல.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு, வளையல் தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு, கட்டுச்சோத்துப் பாத்திரம் எல்லாம் சுத்தி வச்சுக்கிட்டு, துளசிமணி லேப்டாப்புக்கு முன்னால உக்காந்திருந்தா. நல்ல நேரம் போகுது, கெளம்புன்னா கெளம்ப மாட்டீங்கறா. "இவரை உட்டுப்போட்டு நான் மட்டும் போயி நின்னா, அப்பா எங்கேன்னு அந்தப் புள்ள வாயால கேக்க மாட்டா, கண்ணால கேப்பா. நான் என்னத்தைச் சொல்றது?" கடைசியில நான்தான் போனைப் புடுங்கி மௌனிகாவைக் கூப்புட்டு, நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். சொல்லி முடிச்சேன், போன் அறுந்துபோச்சு. சரி, அதுவும் போச்சுன்னு நெனச்சேன்.

பெருந்துறை என்ன சீமையா? வெயில் ஏறறதுக்குள்ள வாசல்ல கார் வந்து நின்னுச்சு. மாப்பிள்ளை எறங்கி மறுபக்கக் கதவைத் தொறக்க, மௌனிகா வகுத்தைப் புடிச்சுக்கிட்டு எறங்கினா. தலை நெறையப் பூ, கன்னத்துல சந்தனம் வைக்கறதுக்கு முந்தியே கெளம்பி வந்திருக்கறா, மூஞ்சி கடுகடுன்னு இருந்துச்சு. நேரா உள்ள வந்தா, திரையை ஒரு பார்வை பாத்தா. பெரியப்பன் கையில சொம்பு, தண்ணி, அவளோட கை.

அவ திரைக்கு முன்னால நிக்கல. மேசையைச் சுத்திக்கிட்டு மூடிக்குப் பின்னால போனா. உள்ளங்கையில ரெண்டு தட்டுத் தட்டினா, டப்பு டப்புன்னு, லாரிப் பாடியில தட்டறாப்ல. டிரைவர் பெத்த புள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தரோணுமா?

"வரட்டும்."

கியர் விழுந்துச்சு.

"வரட்டும்... வரட்டும்... வரட்டும்..."

படம் பின்னால வந்துச்சு சாமி! மௌனிகா கையில இருந்த தண்ணி சொம்புக்கு ஏறுச்சு, மாலைங்க கழுத்துல இருந்து தட்டுக்குப் போச்சு, மேள அடி உள்ள போச்சு, பந்தியில காலியான எலையில சோறு ரொம்புச்சு, ஒரம்பரையெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு மண்டபத்தை உட்டு ரோட்டுக்குப் போனாங்க. "லெப்ட்டுல ஒடிங்க... ஒடிங்க... நேராக்குங்க... வரட்டும்"னு அந்தப் புள்ள கொரல் நடுங்காமக் கூப்புடக் கூப்புட, அண்ணன் ஆமை வேகத்துல, பின்னாலயே பாத்து பாத்து எடுத்தாரு. மாப்பிள்ளை அழைப்பு அவுந்துச்சு, நலங்கு கலைஞ்சுது.

படத்தோட மொத எடம் வந்துச்சு. பொண்ணுக்கு அலங்காரம் பண்ற எடம். மனுசன் எப்பவும் வேகமா வுட்டு அடிச்சுருவாரு, நாங்களும் அதைக் கவனிச்சதில்ல. இப்ப மெதுவாப் பின்னால வர்றப்பத்தான் தெரியுது. ஒருத்தி பூ வைக்கறா, ஒருத்தி மை தீட்டறா, மௌனிகா ரெண்டு பேருக்கும் மூஞ்சியைக் காட்டாம வாசப்பக்கமே பாக்கறா. கதவு அசைஞ்சா பாக்கறா. யாரோ வர்றாங்க, யாருன்னு பாத்துப்போட்டுத் தலையைக் குனிஞ்சுக்கறா, மறுக்கா பாக்கறா. அண்ணன் அங்க நிறுத்திப்போட்டாரு. இஞ்சினும் நின்னுபோச்சு. துளசிமணி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா.

மூடிக்குப் பின்னால இருக்கறவளுக்கு இது ஒண்ணும் தெரியல. அவ பாட்டுக்கு டப்புன்னு ஒரு தட்டு தட்டினா.

"ஏன் நிக்கறீங்க? பின்னால நான் இருக்கறனில்ல? வரட்டும்ப்பா."

அண்ணன் லேப்டாப்புல இருந்து முதுகைக் காட்டிக்கிட்டே எறங்கினாரு, மொதல்ல ஒரு காலு, அப்புறம் ஒரு காலு. தாடி வளந்து, கண்ணு செவந்து, லுங்கியில பன்னீர் வாசம். திரும்பி மகளைப் பாத்தாரு. கையை ரெண்டையும் தூக்கிக் கும்புடப் போனாரு. அவ அந்தக் கையைத் தட்டி உட்டா. "போயி மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வாங்க. உங்களுக்காக அங்க எல்லாரும் பசியோட உக்காந்திருக்கறாங்க"ன்னா. லேப்டாப்புல படம் பழையபடி பச்சையாகி, கட்டங்கட்டமா ஒடஞ்சுது. கூட்டத்தோட நின்னு பாத்துக்கிட்டிருந்த ஷமீமா, புது டிரைவர் போடறதுக்கு அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிட்டா.

காருல மாப்பிள்ளை ஓட்ட, முன்னால துளசிமணி தட்டுகளோட உக்காந்தா. அண்ணன் பழக்கதோசத்துல வலதுபக்க முன்கதவுக்குத்தான் போனாரு, மௌனிகா சட்டையைப் புடிச்சு இழுத்துப் பின்சீட்டுல தள்ளி, பக்கத்துல அவளும் உக்காந்துக்கிட்டா. மிச்சமிருந்த ஓரத்துல கட்டுச்சோத்துப் பாத்திரத்தோட நான். பைபாஸ் ஏறினதும் மனுசனுக்கு இருப்புக் கொள்ளல. முன்னால ஒரு டேங்கர் போச்சு, அண்ணனோட வலது காலு தரையை அமுத்துச்சு. வேகத்தடை வந்துச்சு, அமுத்துச்சு. ஒரு ஆடு ரோட்டோரத்துல சும்மா நின்னுச்சு, அதுக்கும் அமுத்துச்சு. மௌனிகா குனிஞ்சு அந்தக் காலைப் பாத்தா, வளைகாப்பு வளையல் இன்னும் ஏறாத கையை அவரு முழங்கால் மேல வச்சு, நகர முடியாம அழுத்திப் புடிச்சுக்கிட்டா.

"காலை எடுங்கப்பா. பிரேக்கு அவருகிட்ட இருக்குது. நீங்க சும்மா வாங்க."